ஊவா மண்ணின் சாட்சியம்

(பதுளையில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஊவாவில் மக்கள் காலங்காலமாகக் குடியிருந்து வந்த வரலாற்றைத் தொல்பொருட் சான்றுகளின் வழியே எடுத்துரைக்குமாறு இக்கூட்டத்தை அமைத்தோர் எம்மைப் பணித்துள்ளனர். சம்பளம், காணி, வீடு என்று அவசரமான காரியங்கள் பல காத்திருக்கையில், மண்ணுக்குள் புதைந்த கல்லையும் ஓட்டையும் பற்றிப் பேசுவானேன் என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு விடை கூறியே தொடங்குகின்றோம்.

நம் மக்களை நோக்கி இந்நாட்டில் மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. "நீ எப்போது வந்தாய்? அதற்கு அத்தாட்சி என்ன?" என்பதே அது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்தக் கேள்விக்குச் சட்ட உருவம் கொடுத்தது. இலங்கையிலே பிறந்தவனாயினும், தன் தகப்பனும் இங்கே பிறந்தவன் என்றோ, தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ அவன் காட்டவேண்டும் என்றது அச்சட்டம். லயத்து அறையிலே மருத்துவிச்சியின் கையிலே பிறந்தவன், பூட்டனின் பிறப்புப் பதிவை எந்தக் கந்தோரிலே போய்த் தேடுவான்? அடுத்து, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இங்கே இடைவிடாது வாழ்ந்ததை நிறுவவேண்டும் என்றார்கள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பிரசாவுரிமை பெற்றவர்களோ ஏறத்தாழ 134,000 பேரே. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே, நாடற்றவர் என்ற பழி சட்டத்தளவில் நீங்கியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு மனிதனின் முழு உழைப்புக் காலத்தையும் விழுங்கும் ஆண்டுகள்!

சட்டம் மாறியது, கேள்வி மாறவில்லை. இன்றும் தேர்தல் காலத்திலும், காணி பங்கிடும் காலத்திலும், வெள்ளமும் மண்சரிவும் வந்து நிவாரணம் கொடுக்கும் காலத்திலும் அந்தக் கேள்வி ஏதோ ஒரு மூலையிலிருந்து தலைநீட்டவே செய்கிறது. நீதிமன்றத்திலே வாய்ச் சாட்சி உண்டு, ஆவணச் சாட்சி உண்டு, பொருட்சாட்சியும் உண்டு. நம்மிடம் ஆவணம் இல்லை என்று சொல்லியே நம் வழக்கைத் தள்ளினார்கள். ஆகவே, பொருட்சாட்சியை அழைப்போம். ஊவாவின் மண்ணையே கூண்டில் ஏற்றி, அது என்ன சொல்கிறது என்று கேட்போம்.

பண்டாரவளைக் குன்றுகள் சொல்வது

தொல்பொருளியலின் முதல் விதி கமக்காரனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மேலே கிடப்பது பிந்தியது; கீழே கிடப்பது முந்தியது. கிணறு வெட்டுகிறவனும் வாய்க்கால் வெட்டுகிறவனும் அறிந்த விதி இது.

ஊவாவின் அடிப்படையிலே கிடப்பவர்கள் யார்? 1907ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து அறிஞர்களான போல் சரசினும் பிரிட்ஸ் சரசினும் ஊவாவின் நில்கலைப் பகுதிக் குகைகளை ஆராய்ந்து, பழங்கற்காலத்து மனிதர் கையாண்ட கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். அடுத்த ஆண்டிலேயே அதனை நூலாக வெளியிட்டனர். இலங்கையிலே கற்காலம் என்று ஒன்று இருந்ததா என்று ஐயுற்றோர் வாயை அந்தக் கண்டுபிடிப்பு அடைத்தது. சில ஆண்டுகளுக்குள், கொழும்பு றோயல் கல்லூரியின் அதிபராயிருந்த ஹாட்லி என்பவர் பண்டாரவளைக் குன்றுகளிலே வெண்ணிறப் பளிங்குக் கல்லாலான நுண்கருவிகளைத் திரளாகச் சேகரித்தார். விரல் நகத்தளவே உள்ள சில்லுகள்; பிறைபோலவும் முக்கோணம் போலவும் கூர்மையாகத் தட்டி எடுக்கப்பட்டவை; அம்பிலும் பிடியிலும் பொருத்தி வேட்டைக்குப் பயன்படுத்தியவை. நிலவியலாளர் வேலண்டும் இத்தகைய கருவிகளை ஆராய்ந்து எழுதினார். மஸ்கெலியாவில் தேயிலைத் துரையாயிருந்த ஜோன் போல் என்பவரும் இக்கருவிகளைத் தேடித் திரட்டியவர்.

இவை அக்காலத்தில் ஏன் இத்துணை எளிதாகக் கிடைத்தன என்பதையும் சிந்திக்கவேண்டும். காட்டை வெட்டிச் சாய்த்த மலைச்சரிவில் மழை மேல்மண்ணை அரித்துச் செல்ல, அடியிலே கிடந்த சரளைப் படை வெளியே தலைகாட்டும். பற்றைக்காடும் புல்லும் மண்டிய பத்தனைகளிலும், புதிதாய் வெட்டிய பாதையோரங்களிலும், தோட்டத்துக் கான்களிலும் கற்காலம் மேலே வந்து கிடந்தது. அந்தக் கானை வெட்டியவன் யார்? அந்தப் பாதையைச் செப்பனிட்டவன் யார்? சேகரித்தவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. மண்வெட்டி பிடித்த கைகளின் பெயர்கள் இல்லை. இது குறையாகச் சொல்வதன்று. இந்நாட்டின் ஆதி வரலாறு வெளிச்சத்துக்கு வந்ததில் மலையக உழைப்பாளிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பதிவு செய்வதற்காகச் சொல்கிறோம்.

இக்கருவிகளைச் செய்தவர்கள் எவ்வளவு பழையவர்கள்? தென்மேற்கே பாஹியங்கலைக் குகையில் கிடைத்த எலும்பு அம்புமுனைகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2020ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். ஊவாவின் தெற்கெல்லைக்கு அப்பால், பெல்லன்பந்தி பலஸ்ஸ என்னுமிடத்தில், 1956ஆம் ஆண்டு முதல் பி. இ. பி. தெரணியகல நடத்திய அகழாய்வில் கற்கருவிகளோடு மனித எலும்புகளும் கிடைத்தன. அவ்வெலும்புகளை ஆராய்ந்த கென்னடி, இன்றைய வேடர் மக்களின் உடலமைப்போடு அவற்றுக்குள்ள தொடர்பைச் சுட்டினார். பதுளை மாவட்டத்தின் விளிம்பிலே, ஒகியாவுக்கு மேலேயுள்ள ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணிலே படிந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்தோர், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே மனிதர் காட்டை எரித்து நிலத்தைப் பயன்படுத்திய அடையாளம் உண்டென்கின்றனர். பயிர்ச்செய்கை எப்போது தொடங்கியது என்பதில் அறிஞரிடையே வாதம் இன்னும் நடக்கிறது. மனிதன் இருந்தான் என்பதில் வாதம் இல்லை.

அப்படியானால் ஊவாவின் மூத்த குடி யார் என்ற வழக்கிலே தீர்ப்பு யாருக்கு? தமிழருக்குமன்று, சிங்களவருக்குமன்று, மகியங்கனையை அடுத்த தம்பானையிலே இன்றும் வாழும் வேடர் மக்களுக்கே! அந்த மூத்த குடியை நாடு எப்படி நடத்தியது? 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனமானபோது, அவர்கள் வேட்டையாடிய காடு அவர்களுக்கே தடுக்கப்பட்ட காடாயிற்று. முந்தி வந்தவனுக்கே உரிமை என்று முழங்குவோர், முந்தி வந்தவனையே காட்டிலிருந்து வெளியேற்றிய விந்தையை என்னென்பது!

குளமும் கோயிலும் சந்தையும்

அடுத்த படைக்கு வருவோம். மகியங்கனைத் தூபியும் இந்நகரத்து முத்தியங்கனை விகாரையும் பௌத்த மரபிலே மிகப் பழைய தலங்களாகப் போற்றப்படுகின்றன. மகியங்கனைக்கருகே சொரபொரக் குளம் இருக்கிறது. அதன் நீர் வெளியேறும் வழி பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. நீரின் வேகத்தையும் பாறையின் உறுதியையும் கணக்கிட்டு அறிந்த கமத்தொழிலர் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. வெல்லவாயவுக்கு அருகே புதுருவகலையில் ஒரே பாறையில் ஏழு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நடுவிலே நிற்கும் புத்தர் ஏறத்தாழ 51 அடி உயரம். அருகிலே அவலோகிதேசுவரரும் தாராதேவியும் நிற்பதனால், மகாயான பௌத்தம் இங்கே வேரூன்றியிருந்தது தெரிகிறது. ஹாலி-எலவுக்கு அப்பால் போகொடையிலே கூரையிட்ட மரப்பாலம் நிற்கிறது.

இவை எல்லாவற்றினும், சட்டம் பயின்ற எம் நெஞ்சைக் கவர்வது ஒரு கற்றூண். சொரபொரக் குளத்தருகே கிடந்து, பின்னர் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டு, பதுளைத் தூண் கல்வெட்டு என்று பெயர் பெற்ற கல் அது. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட உதய மன்னனின் ஆணை அதில் பொறிக்கப்பட்டுள்ளது. மன்னன் மகியங்கனைக்கு வந்தபோது, ஹோபிட்டிகமை என்னும் சந்தையூரின் வாணிகரும் குடியானவரும் அவனிடம் முறையிட்டார்கள். முன்னைய ஒழுங்குகளை மீறி அதிகாரிகள் அடாத வரி பிடுங்குகின்றனர் என்பது அவர்கள் முறைப்பாடு. மன்னன் அதனைச் செவிமடுத்து ஒழுங்குகளை வகுத்துக் கல்லிலே வெட்டுவித்தான். அவ்வூரில் விற்கும் பண்டத்துக்கே தீர்வை. அவ்வூர் வழியே கடந்து செல்லும் பண்டத்துக்குத் தீர்வை இல்லை. ஒப்புக்கொள்ளப்படாத அளவைகளால் அளந்து விற்றலாகாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே, ஊவா மண்ணிலே, சாதாரண வியாபாரியும் கமக்காரனும் அதிகாரியை எதிர்த்து முறையிட்டு வென்ற வழக்கின் தீர்ப்பு அது!

தோழர்களே, நிறுவைக்களத்திலே கொழுந்து நிறுக்கும்போது கிலோக் கணக்கிலே கைவைக்கப்படுவதைப் பற்றி நாம் முறையிட்டால், வெளியாரின் தூண்டுதல் என்கிறார்கள். சரியான அளவை கேட்பது இந்த மண்ணின் மிகப் பழைய வழக்கம் என்பதற்குக் கல்லிலே சாட்சி நிற்கிறது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு செய்தியைத் திட்டமாகக் கூற விரும்புகிறோம். இந்தப் படைகளுக்குள்ளே எங்காவது ஒரு பழந்தமிழ் எழுத்துக் கிடைக்காதா, அதைக் காட்டி நாமும் பழையவர் என்று வாதிடலாகாதா என்று நம்மிற் சிலர் ஏங்குகின்றனர். கிடைத்தால் மகிழ்வோம்; முறைப்படி ஆராய்வோம். ஆனால் நம் உரிமையை அதன்மேல் கட்டவேண்டாம். கல்லின் வயதை வைத்து உரிமை அளக்கும் வழக்கு நம்மை நாடற்றவராக்கிய அதே வழக்கு. அதே முழக்கோலை நாமும் கையிலெடுத்தால், நாளை அது நம்மையே அளக்கும்.

எரிந்த ஊர்கள்

மேற்படைகளுக்கு ஏறுவோம். 1630ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா பதுளையை எரித்துத் திரும்புகையில், ரந்தெனிவெலையில் படையோடு வீழ்ந்தான். 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, மலைநாடு பிரித்தானியர் கைக்குப் போயிற்று. இரண்டே ஆண்டுகளில் ஊவா கிளர்ந்தெழுந்தது. 1817ஆம் ஆண்டில் பதுளையிலிருந்த பிரித்தானிய அதிகாரி வில்சன் அம்புக்கு இரையானார். கிளர்ச்சியை அடக்கவென அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை கிளர்ச்சியாளரோடு சேர்ந்து, 1818ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி கண்டியிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். கிளர்ச்சியை முறியடிக்க ஆங்கிலேயர் கையாண்ட முறை என்ன? ஊர்களை எரித்தார்கள், நெல்லை அழித்தார்கள், கால்நடைகளைக் கொன்றார்கள், நீர்ப்பாசனத்தைச் சிதைத்தார்கள். ஊவாவின் சிங்களக் கமக்காரன் அன்று முறிக்கப்பட்டான்.

பின்னர், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. உறுதி காட்டாத காடும் சேனையும் முடிக்குரியது என்று கொள்ளப்பட்டது. பரம்பரையாய்ச் சேனை செய்தவனிடம் "ஆவணம் எங்கே?" என்று கேட்டார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து நம்மிடம் கேட்ட அதே கேள்வி! பறித்த காட்டைக் கோப்பித் துரைமாருக்கு விற்றார்கள். அதிலே வேலை செய்யக் கடலுக்கப்பாலிருந்து நம் முன்னோரை இறக்கினார்கள். ஒருவன் நிலத்தை இழந்தான். மற்றவன் ஊரை இழந்தான். இரண்டையும் செய்த கை ஒன்றே. இதை உணராமல் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பது, அந்தக் கைக்குக் கிடைத்த கூலியன்றோ!

நம் படை

எல்லாவற்றுக்கும் மேலே கிடப்பது நம் படை. தலைமன்னார்க் கரையிலிறங்கி, வடக்குப் பாதையிலே காடு கடந்து, மாத்தளை வழியாக மலையேறினார்கள். வழியிலே காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டவர்களின் எலும்புகள் அந்தப் பாதையின் இருமருங்கும் மண்ணோடு மண்ணாயின. 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த மலையகம் 200 நடைபயணம் அவர்களை நினைந்தே நடந்தது. 1869ஆம் ஆண்டில் கோப்பியிலே இலைநோய் தோன்றி, சில ஆண்டுகளில் அத்தொழிலையே அழித்தது. கோப்பி வேரைப் பிடுங்கித் தேயிலை நட்டது யார் கை? 1890ஆம் ஆண்டில் லிப்டன் வாங்கிய தம்பேத்தன்னைத் தோட்டத்தை உலகறியும். அங்கே கல் அடுக்கி மண்ணை அணை கட்டியவனை யாரறிவார்? 1894ஆம் ஆண்டில் பண்டாரவளைக்கு வந்த இருப்புப்பாதை, 1924ஆம் ஆண்டில் பதுளையை அடைந்தது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க இன்று உலகமே வருகிறது. கல்லுடைத்தவன், சுண்ணாம்பு குழைத்தவன், சாரம் கட்டியவன் பெயர் எந்த வளைவிலே பொறிக்கப்பட்டுள்ளது?

பதுளைப் புனித மாற்கு தேவாலயத்துக்குச் செல்லுங்கள். 1845ஆம் ஆண்டில் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸ் என்னும் அதிகாரியின் நினைவாக எழுந்த ஆலயம் அது. யானைகளை ஆயிரக்கணக்கிற் சுட்டு வீழ்த்தியதற்குப் பெயர் பெற்றவர் அவர். 1913ஆம் ஆண்டில் பென்றி லூயிஸ் என்னும் அதிகாரி, இலங்கையிலுள்ள ஐரோப்பியரின் கல்லறைகளையும் நினைவுக்கற்களையும் ஒன்றொன்றாய்த் தொகுத்து நூலாக்கினார். நல்ல பணி; குறை கூறமாட்டோம். ஆனால், நமுனுக்குலையிலும் மடுல்சீமையிலும் தேயிலைச் செடிக்கடியிலே கிடக்கும் நம் பாட்டிமாருக்கு அப்படி ஒரு பட்டியல் யார் எழுதினார்கள்?

நம் படையிலே என்னென்ன கிடக்கின்றன? பத்துக்குப் பன்னிரண்டு அடியிலே ஒரு குடும்பத்தை அடைத்த லயம். விடியுமுன் பேர்சொல்லி அழைத்த பிரட்டுக்களம். தப்படித்து எழுப்பிய தப்பு. கங்காணி எழுதிய பற்றுக் கணக்கு. பத்துச்சீட்டு. கழுத்திலே கட்டிவிட்ட இலக்கத் தகடு. பிள்ளைக்காம்பரா. மலைமேலே மரத்தடியிலே நட்ட கல்லாகிய முனியாண்டி. ஆலை உருளைகளுக்குக் காவலாய் நிற்கும் ரோதைமுனி. இங்கிலாந்திலிருந்து வந்த இயந்திரத்துக்குத் தென்பாண்டி நாட்டுத் தெய்வத்தைக் காவல் வைத்த மக்களின் வரலாறு வேறெந்த நூலிலே எழுதியிருக்கிறது? அது அந்தக் கல்லிலேதான் எழுதியிருக்கிறது.

ஒரு திகதியின் கொடுமை

இனி வழக்கின் கருவுக்கு வருகிறோம். இந்நாட்டின் தொல்பொருட்களைக் காப்பது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். 1998ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. தொல்பொருள் என்பதற்கு அச்சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. எந்த எல்லை தெரியுமா? 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி! அதற்கு முந்தியது தொல்பொருள், பிந்தியது அன்று. பிந்தியவற்றைக் காக்க வேண்டுமானால், அமைச்சர் தனியே கட்டளை பிறப்பித்து வர்த்தமானியில் வெளியிடவேண்டும்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். மலையகத் தமிழனின் முழு வரலாறும் அந்தக் கோட்டுக்கு இப்பால் கிடக்கிறது. அவன் கட்டிய முதற் கோயிலாயினும், முதல் லயமாயினும், சட்டத்தின் கண்ணிலே அது வெறுங் கட்டடம். இடித்துத் தள்ளினால் கேட்பாரில்லை. அதுமட்டுமன்று. 1818ஆம் ஆண்டிலே எரிந்த சிங்களக் கிராமத்தின் சாம்பலும் அந்தக் கோட்டுக்கு இப்பாலேயே கிடக்கிறது! வெள்ளையன் கண்டியைக் கைப்பற்றிய நாளோடு வரலாறு முடிந்துவிட்டது என்று எழுதிய சட்டம், அவனை எதிர்த்து மாண்டவர்களையும் அவனுக்காக உழைத்து மாண்டவர்களையும் ஒருங்கே வெளியே தள்ளிவிட்டது. ஆகவே, இந்தக் கோட்டை அகற்றக் கேட்பது தமிழர் கோரிக்கை மட்டுமன்று, ஊவாவின் கோரிக்கை. வெல்லச கிராமத்துச் சிங்களக் கமக்காரனும் பசறைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியும் ஒரே மனுவிலே கையொப்பமிடக்கூடிய கோரிக்கை. ஒரு நூற்றாண்டு கடந்த எதுவும் பாதுகாப்புக்கு உரியதாகட்டும். எல்லை ஆண்டுதோறும் நகர்ந்து வரட்டும்.

இது நடவாத காரியமா? மொரீசியசைப் பாருங்கள். ஒப்பந்தக் கூலிகளாய் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் கப்பலைவிட்டு இறங்கிய இடம், போர்ட் லூயிசிலுள்ள ஆப்பிரவாசி காட். அந்த இறங்குதுறையை 2006ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. அரண்மனையன்று, கோபுரமன்று, கூலிகள் ஏறிவந்த கற்படி! ஒரு சிறிய தீவு தன் உழைப்பாளியின் கற்படியை உலகத்தின் சொத்தாக்கியது. நம் நாட்டிலும் சமூக அபிவிருத்தி நிறுவகம் பழைய பீக்கொக் தோட்டத்து லயமொன்றைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கிக் காட்டியிருக்கிறது. ஊவாவிலும் இத்தகைய முயற்சி எழவேண்டும்.

அச்சமும் விடையும்

இரண்டு அச்சங்கள் நம்மவரிடம் உண்டு. தொல்பொருள் என்று பலகை நட்டால், காணி கைவிட்டுப் போகுமோ என்பது கமக்காரனின் அச்சம். வீண் அச்சம் என்று சொல்லமாட்டோம். 2020ஆம் ஆண்டில் கிழக்கு மாகாணத் தொல்பொருட்களுக்கென்று சனாதிபதி செயலணி அமைத்தபோது, தொடக்கத்திலே அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. அத்தகைய செயல் அச்சத்தை வளர்க்காமல் வேறென்ன செய்யும்? ஆயினும், விடை தொல்பொருளை மறைப்பதிலோ உடைப்பதிலோ இல்லை. மறைத்தால் சட்டம் நம்மைக் குற்றவாளியாக்கும். நம் சாட்சியையும் நாமே அழித்தவராவோம். ஆய்வு செய்யும் குழுவிலே அம்மண்ணின் எல்லா மக்களும் இருக்கவேண்டும், உழுகின்றவனின் பேச்சைக் கேளாமல் எல்லைக்கல் நடலாகாது என்று வெளிப்படையாகக் கேட்பதே விடை.

லயத்தைக் காப்பதென்றால் லயத்திலேயே கிடக்கவேண்டுமோ என்பது தொழிலாளியின் அச்சம். இல்லை, தோழர்களே! தனிவீடும் சொந்தக் காணியும் நம் உரிமை. ஒரு பேர்ச்சும் விட்டுக்கொடோம். மக்கள் வாழும் லயங்கள் அத்தனையும் ஒழியட்டும். ஆனால் ஒழியுமுன், வட்டாரத்துக்கு ஒன்றாவது அளந்து, படமெடுத்து, வெறுமையாக்கி, நம் பேரப்பிள்ளைகள் பார்க்க நிற்கட்டும். இப்படித்தான் வாழவைத்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, லயங்களும் வீடுகளும் மனிதர்களும் சில நிமிடங்களில் மண்ணுக்குள் போனதை ஊவா மறக்குமா? ஆயிரம் ஆண்டுக்குப் பின் ஒருவன் அங்கே தோண்டினால், ஒரு குடியிருப்பு முழுமையாய்க் கிடைக்கும். அங்கே வாழ்ந்தவர்கள் யார், அபாயம் அறிந்தும் ஏன் அங்கிருந்து போகமுடியாமல் வாழ்ந்தார்கள் என்பதை அந்த மண் அவனுக்குச் சொல்லாது. அதை நாம்தான் எழுதிவைக்கவேண்டும்.

செய்யவேண்டியவை

ஆகவே நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, தோட்டத்துக்குத் தோட்டம், டிவிசனுக்கு டிவிசன் ஒரு பதிவேடு திறக்கவேண்டும். தோட்டத்தின் தமிழ்ப்பெயர், கோயில், கல்லறை, பழைய கிணறு, பிரட்டுக்களம், லயத்தின் சுவரிலே உள்ள ஆண்டு, முதியோர் நினைவிலுள்ள முதற்குடும்பங்கள் ஆகிய அனைத்தையும் எழுதவேண்டும். ஆசிரியர்களும் உயர்வகுப்பு மாணவர்களும் இதனை ஏற்றால், ஒரு பாடசாலை விடுமுறையிலேயே பெரும்பகுதி முடியும்.

இரண்டாவது, தகரப்பெட்டிக்குள்ளே கிடக்கும் பழங்கடதாசிகளை எரிக்கவேண்டாம். பத்துச்சீட்டு, பிரசாவுரிமை விண்ணப்பப் பிரதி, கடவுச்சீட்டு, தமிழ்நாட்டு ஊரிலிருந்து வந்த கடிதம் எதுவாயினும் படமெடுத்து ஒரு பிரதியைப் பொது இடத்திலே ஒப்படைக்கவேண்டும். மூலம் குடும்பத்திடமே இருக்கட்டும்.

மூன்றாவது, மண் வெட்டுகையில் பழம்பொருள் அகப்பட்டால் அதனை உரிய அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். வெலிமடையில் உருளைக்கிழங்குக்குப் பாத்தி கட்டுகின்ற அன்பர்களே, ஒரே இடத்தில் ஒரே அளவிலே கூர்மையான வெண்பளிங்குச் சில்லுகள் பல கிடந்தால், அவை தாமாக உடைந்தவை ஆகமாட்டா. கிடந்த இடத்தைக் குறித்துவைத்து அறிவியுங்கள். புதையல் தேடி இரவிலே வருகின்றவனுக்கு வழிகாட்டாதீர்கள். அவன் பொன்னைத் தேடிப் பொன்னினும் பெரிய சாட்சியை உடைப்பவன்.

நான்காவது, ஊவாவிலே ஒரு லயம், ஒரு பிரட்டுக்களம், ஒரு மலைக்கோயில், 1818ஆம் ஆண்டின் ஓர் எரிந்த ஊர் ஆகிய நான்கையும் வர்த்தமானியிலே அறிவிக்கக் கோரும் மனுவை, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, இரு மொழி மக்களிடமும் கையொப்பம் பெற்று அமைச்சரிடம் சேர்ப்பிக்கவேண்டும். 1815ஆம் ஆண்டு எல்லையைத் திருத்தக் கோரும் தீர்மானத்தையும் அதனோடு இணைக்கவேண்டும். மனுவை எழுதும் பணியை நாம் ஏற்கின்றோம். கையொப்பம் திரட்டும் பணி உங்களுடையது.

அன்பர்களே! 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, பதுளை மாவட்டத்திலே ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஒருவர் தமிழர். அந்த ஐந்தில் ஒருவர் வானத்திலிருந்து விழவில்லை. கற்சில்லுத் தட்டிய வேட்டுவனுக்கு மேலே, பாறை குடைந்து நீர் பாய்ச்சிய கமக்காரனுக்கு மேலே, எரிந்த ஊரின் சாம்பலுக்கு மேலே, தம் எலும்பையும் ஒரு படையாக இட்டு இந்த மலையை நிரப்பியவர்களின் மக்கள் அவர்கள். மண்ணிலே எந்தப் படையும் கீழுள்ள படையைப் பொய்யாக்குவதில்லை. அதன்மேலே தங்கி நிற்கிறது. மண் ஏற்றுக்கொண்ட இந்த ஒழுங்கை மனிதரும் ஏற்கவேண்டும் என்பதே நம் வாதம்.

நாளை மனுத்தாள்கள் உங்கள் தோட்டங்களுக்கு வரும். பெயரைத் தெளிவாக எழுதுங்கள். பாட்டன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.